வலி இல்லாத நாளையும் விழுங்கும் தலைவலி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும் மனநிலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. சிலர் நன்றி சொல்லியிருக்கிறார்கள், நிறையப் பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். கோபப்பட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, இதையெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாது. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே.

தெரியாதவர்களுக்காக: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அது 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்து, அதில் குறைந்தது 8 நாளாவது துடிப்பு, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை என்று ஒற்றைத் தலைவலிக்கே உரிய அடையாளங்களோடு வந்தால் அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்கிறார்கள். நான் மருந்து எழுதும் மருத்துவர் இல்லை, தீராத வலியோடு வாழ்கிறவர்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. 19 வயதிலிருந்து எனக்கும் இந்தத் தலைவலி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மேடம், எனக்கு 34 வயது. மாதத்தில் 17, 18 நாள் தலைவலி. ஒரு பக்கப் பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், கண்ணைத் திறக்க முடியாது. ஸ்கேனில் எல்லாம் நார்மல். நரம்பியல் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, ‘மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள்’ என்றார். அறையை விட்டு வெளியே வந்ததும் என் கணவர், ‘நான் அப்பவே சொன்னேன்ல, எல்லாம் உன் மனசுலதான் இருக்கு’ என்றார். அன்று இரவு முழுக்க அழுதேன். என் வலி பொய்யா?

பதில்: பொய் இல்லை, சகோதரி. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

ஸ்கேன் நார்மல் என்றால் கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்று அர்த்தம். அது நல்ல செய்திதான், ஆனால் ஒற்றைத் தலைவலி சாதாரண ஸ்கேனில் அகப்படும் நோயே கிடையாது. 2016-ல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் இருவர் ஒரே ஒரு நோயாளியை 30 நாள், தினமும் தவறாமல், மூளை இயங்குவதைக் காட்டும் விசேஷ ஸ்கேனில் பார்த்தார்கள். தலைவலி தொடங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில், வலியே இல்லாதபோது, மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதியின் செயல்பாடு அவருக்கு மாறியிருந்தது. ஒருவரை வைத்துச் செய்த ஆய்வு என்பதை மறக்க வேண்டாம், ஆனாலும் இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் தூக்கம், பசி, மன அழுத்தம் வந்தால் உடம்பு காட்டும் எதிர்வினை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதும் இதே ஹைப்போதலாமஸ்தான். வலிக்கு ஒரு மூளை, கவலைக்கு ஒரு மூளை என்று நமக்கு இரண்டு கிடையாது. உங்கள் டாக்டர் என்னைப் போன்ற ஒருவரிடம் உங்களை அனுப்பியது அதனால்தான், உங்கள் வலியை நம்பாததால் அல்ல.

உங்கள் கணவர் சொன்னது புதுசும் இல்லை. 1930-களிலேயே ஹெரால்ட் வுல்ஃப் என்ற அமெரிக்க மருத்துவர், தலைவலி ஆராய்ச்சியில் பெரிய பெயர், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கென்று ஒரு தனிக் குணம் இருப்பதாக எழுதினார்: எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிற பிடிவாதம், பெரிதாகச் சாதிக்க வேண்டும் என்ற வேட்கை, விட்டுக்கொடுக்காத இறுக்கம். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தக் கருத்து நிற்கவில்லை, ஆனால் அது விட்டுப்போன கறை இன்னும் போகவில்லை, ‘நீ கொஞ்சம் ரிலாக்ஸா இருந்தா வராது’ என்று யார் யாரோ நமக்குச் சொல்வதெல்லாம் அதன் மிச்சம்தான்.

உண்மையில் தெரிய வந்திருப்பது வேறு. மனச்சோர்வு உள்ளவருக்கு ஒற்றைத் தலைவலி புதிதாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பும் அதே போல அதிகம். இரண்டு பக்கமும் கதவு திறக்கிறது. எப்போதாவது வந்துகொண்டிருந்த ஒற்றைத் தலைவலி ஆண்டுக்கு 100 பேரில் 2, 3 பேருக்கு நாள்பட்டதாக மாறுகிறது, அப்படி மாறுவதற்கான காரணங்களின் வரிசையில் அளவுக்கு மீறிய வலி மாத்திரை, உடல் பருமன், குறட்டையும் தூக்கக் கெடுதலும் இவற்றோடு மனச்சோர்வும் நிற்கிறது. திரும்பத் திரும்ப வலித்த நரம்புகள் கூர்மையாகிப் போகின்றன. உங்களுக்கும் இது தெரிந்திருக்கலாம்: வலி வரும் நாளில் சீப்பு பட்டாலே மண்டைத் தோல் எரியும், பின்னலைப் பிரித்துப் போட வேண்டியிருக்கும், கம்மலைக் கழற்றி வைக்கத் தோன்றும், தலையணை உறையின் மடிப்பு கன்னத்தில் உறுத்துவதுகூடத் தாங்காது. அந்த அளவுக்கு உசுப்பிவிடப்பட்ட நரம்பு மண்டலத்தில் ஒரு ராத்திரி அழுதாலும் அது வலியாகத்தான் வந்து நிற்கும். நீங்கள் அழுததால் தப்பு செய்துவிட்டீர்கள் என்று சொல்லவில்லை, அழாமல் யாராலும் இருக்க முடியாது.

இன்னொன்று, இது நடைமுறைக்கு வேண்டியது. உங்கள் மனநிலையை டாக்டரிடம் சொன்னால்தான் மாத்திரையையே சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். தலைவலி வராமல் தடுக்கக் கொடுக்கும் மருந்துகளில் ஃப்ளூனரிசின், டோபிராமேட் இரண்டும் சிலருக்கு மனச்சோர்வைக் கிளப்பிவிடும். ‘முன்னாடியே எனக்கு இப்படி ஒரு சோர்வு உண்டு’ என்று தெரிந்தால் அவர் வேறு மருந்தைப் பார்ப்பார். நிறையப் பேர் இதைச் சொல்வதே இல்லை, சொன்னால் ‘மனசுலதான்’ என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம். இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடமும் கொடுங்கள். அவருக்குப் பின்னால் தனியாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது, கணக்குப் பிரிவில் வேலை. எனக்கும் என் அக்காவுக்கும் இதே நோய். மூன்று மாதம் இருவரும் டைரி எழுதிப் பார்த்தோம், இருவருக்கும் மாதம் ஏறக்குறைய 16 நாள், வலியின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அக்கா வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்த்துக்கொள்கிறாள். நானோ பாதி நாள் லீவு, எந்த விசேஷத்துக்கும் போவதில்லை, பிள்ளையைப் பள்ளியில் விடுவதைக்கூட நிறுத்திவிட்டேன். நான் சோம்பேறியா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

தம்பி, வலி எத்தனை நாள் வருகிறது என்பது ஒரு கணக்கு, வாழ்க்கை எவ்வளவு முடங்குகிறது என்பது வேறு கணக்கு. இரண்டாவதை அளக்க மைடாஸ் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, ஐந்தே கேள்விகள்தான். கடந்த 3 மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, போன நாட்களில் எத்தனை நாள் பாதி வேலைகூட ஓடவில்லை, வீட்டு வேலையில் அதே இரண்டு கேள்வி, கடைசியாகக் குடும்பம், நட்பு, பொழுதுபோக்கு என்று எத்தனை நாளைத் தவறவிட்டீர்கள் என்பது. எல்லா நாளையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 5 வரை பெரிய பாதிப்பில்லை, 6 முதல் 10 லேசானது, 11 முதல் 20 நடுத்தரம், 21-ம் அதற்கு மேலும் கடுமையான முடக்கம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எளிதாக 21-ஐத் தாண்டுவீர்கள். அக்காவையும் போடச் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டாவது கேள்வியில் அவர் மார்க் எகிறும் என்று நினைக்கிறேன், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கணினித் திரையை மங்கலாக வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டுகிறவர்கள் ‘சமாளிக்கிறார்கள்’ என்று வெளியே தெரிவார்கள். அவர் படும் பாட்டை லேசாக எடைபோட வேண்டாம்.

சரி, ஒரே அளவு வலி ஏன் ஒருவரை அதிகமாக முடக்குகிறது? மனச்சோர்வும் பதற்றமும் இதில் பங்கு வகிக்கின்றன, மனச்சோர்வைப் பற்றி முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவற்றுக்கு அடுத்து நான் தினமும் எதிரே பார்ப்பது, வலியைப் பற்றி மனம் ஓட்டும் படம்.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். காலையில் கண் விழித்ததும், இன்னும் போர்வைக்குள் இருக்கும்போதே, இடது பொட்டில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். இருக்கிறதா, இல்லையா? லேசாக இருப்பது போலத் தெரியும், அழுத்தினால் யாருக்குத்தான் தெரியாது? உடனே கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவார். ‘வந்துவிட்டது, இன்றைக்கு அவ்வளவுதான், நாளைக்கும் இருக்கும், இந்த மாதமும் லீவு போனால் வேலை போய்விடும், நான் கடைசி வரை இப்படித்தான்.’ இது எல்லாம் எழுந்து உட்கார்வதற்குள், இரண்டு நிமிஷத்தில். ஒரு நாளைக்கு எத்தனை முறை பொட்டைத் தொடுகிறார் என்று எண்ணச் சொன்னேன், மதியத்துக்குள் 23 வந்ததும் அவரே எண்ணுவதை நிறுத்திவிட்டார். வலி இல்லாத நாளிலும் இது நடந்தது. அதுதான் விஷயம். வலி மாதத்தில் 16 நாளை எடுத்துக்கொண்டது, பயம் மீதி 14 நாளையும் எடுத்துக்கொண்டது.

மைக்கேல் சல்லிவன் என்ற உளவியலாளர் 1995-ல் இந்த மனஓட்டத்தை அளக்க 13 வரிகள் கொண்ட ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார், இன்றும் வலி மையங்களில் அதைத்தான் கொடுக்கிறார்கள். அதில் மூன்று சரடு இருக்கிறது: வலியையே நினைத்து நினைத்து மனம் அரைப்பது, நடக்கப் போவதைப் பெரிதாக்கிப் பார்ப்பது, ‘என்னால் ஒன்றும் செய்ய முடியாது’ என்ற கையறு நிலை. மூன்றாவதுதான் ஆளைப் படுக்கவைக்கிறது என்பது என் அனுபவம்.

அதோடு ஒட்டியது இன்னொன்று: இந்தத் தலைவலி யார் கையில் இருக்கிறது என்று நீங்கள் நம்புகிறீர்கள்? ‘அதுவா வருது, அதுவா போகுது’ என்று சிலர், ‘டாக்டர் கையில்தான்’ என்று சிலர், ‘என்னாலும் கொஞ்சம் முடியும்’ என்று சிலர். முதல் வகையினர் அதிகமாக முடங்குவதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. ‘என்னாலும் முடியும்’ என்பதை ‘நான்தான் வரவழைத்துக்கொண்டேன்’ என்று திருப்பிக்கொள்ளாதீர்கள், அது தன்னையே அடித்துக்கொள்வது, அதனால் யாருக்கும் எதுவும் சரியானதில்லை. வருவதை முழுக்கத் தடுக்க உங்களால் முடியாமல் இருக்கலாம், வந்த பிறகு அடுத்த நாலு மணி நேரம் எப்படிப் போகிறது என்பதில் உங்களுக்குக் கொஞ்சமாவது பிடி இருக்கிறது, அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஒரு தாளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். வலி பத்துக்கு 3 இருக்கும் நாளில் என்ன செய்ய முடியும், 6 இருக்கும்போது என்ன, 9-ல் என்ன? 9-ல் ஒன்றும் முடியாது, மாத்திரை, இருட்டு அறை, அவ்வளவுதான், அதில் வெட்கமே வேண்டாம். ஆனால் இப்போது 3-க்கும் நீங்கள் 9-க்கான வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கிறீர்கள். 3-ல் பிள்ளையைப் பள்ளியில் விட முடியுமா? முதல் வாரம் ஒரே ஒரு நாள் முயலுங்கள். நல்ல நாள் வந்துவிட்டதே என்று தேங்கிப்போன வேலையை எல்லாம் ஒரே மூச்சில் இழுத்துப் போட்டுச் செய்து மறுநாள் சுருண்டு விழுவதும் வேண்டாம், நிறையப் பேர் விழும் குழி அது. நல்ல நாளிலும் அளவு, மோசமான நாளிலும் ஏதோ கொஞ்சம்.

சோம்பேறியா என்று கேட்டீர்கள். சோம்பேறி மூன்று மாதம் டைரி எழுத மாட்டான்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன், வயது 22. தலைவலி வந்துவிடுமோ என்ற பயத்தில் தேர்வு, பயணம், யாரையாவது சந்திப்பது என்றால் முன்கூட்டியே ஒரு மாத்திரை போட்டுக்கொள்வேன். மாதம் 20 நாளாவது ஆகிவிடுகிறது. இப்போது மாத்திரை போடாவிட்டால் காலையிலேயே வலிக்கிறது.

பதில்: தம்பி, இது ரொம்பப் பழக்கமான கதை. மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரித் தனி மருந்து என்றால் மாதம் 15 நாள், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகையோ இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரையோ என்றால் 10 நாள், இந்த அளவோ அதற்கு மேலோ 3 மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மருந்து மிகைப் பயன்பாட்டுத் தலைவலி என்று அதற்கே ஒரு பெயர் இருக்கிறது. நீங்கள் வலிக்கு மாத்திரை போடவில்லை, பயத்துக்குப் போடுகிறீர்கள். பயத்துக்கு அந்த மாத்திரையில் மருந்து இல்லை, அதனால்தான் அது தீரவே மாட்டேன் என்கிறது.

நிறுத்த வேண்டும், ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு. எந்த மாத்திரை என்பதைப் பொறுத்துச் சிலதை உடனே நிறுத்தலாம், சிலதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நிறுத்தியதும் முதல் வாரம், பத்து நாள் வலி கூடும், இதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள், தெரியாமல் தொடங்கினவர்கள் மூன்றாம் நாளே திரும்பவும் மாத்திரைக்குப் போய்விடுகிறார்கள். தேர்வு வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி: வயது 52. எதனால் வருகிறது என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக விட்டேன். வாசனைத் திரவியம் இருக்கும் இடத்துக்குப் போவதில்லை, கூட்டம் கூடும் இடம் போவதில்லை, வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி. பத்து வருஷமாயிற்று. தலைவலி நிற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், வேலை எல்லாம் முடிந்து நிம்மதியாக உட்காரும் அன்றுதான் சரியாக வருகிறது.

பதில்: அம்மா, பத்து வருஷத்தில் உங்கள் உலகம் எவ்வளவு சின்னதாகிவிட்டது என்பதைப் படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

நிம்மதியாக உட்காரும்போது வருவது உங்கள் கற்பனை இல்லை. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகள் தினமும் தங்கள் மன அழுத்தத்தையும் தலைவலியையும் குறித்துக்கொண்டே வந்தார்கள். அழுத்தம் இருந்த அளவைவிட, அது ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்குச் சட்டென்று குறைந்ததுதான் தலைவலியோடு அதிகம் பொருந்தி வந்தது, அதுவும் குறைந்த முதல் 6 மணி நேரத்தில். அதனால் வாரம் முழுக்க முறுக்கிக்கொண்டு ஓடிவிட்டுக் கடைசியில் மொத்தமாக விடுவதைவிட, நடுநடுவே பத்து நிமிஷம் இறக்கி வைத்து இறக்கி வைத்துப் போவது நல்லது.

அப்புறம், நாம் காரணம் என்று நினைப்பதில் சிலது காரணமே இல்லை, தலைவலி ஏற்கெனவே தொடங்கிவிட்டதற்கான அறிகுறி. கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், வெளிச்சமும் வாசனையும் உறுத்துவது எல்லாம் வலிக்கு ஒரு நாள் முன்பே வரலாம். அன்றைக்கு யாரோ பூசியிருந்த வாசனை உங்களுக்கு உறுத்தியிருக்கும், மாலையில் தலைவலி வந்திருக்கும், ‘அந்த வாசனையால்தான்’ என்று பட்டியலில் ஏற்றியிருப்பீர்கள். பட்டியல் இப்படித்தான் நீளும்.

பால் மார்ட்டின் என்ற ஆஸ்திரேலிய உளவியலாளர் நீண்ட காலமாகச் சொல்லிவருவது இதுதான்: எல்லாவற்றையும் விட்டு விலகி ஓடுவது நாளடைவில் நம் தாங்கும் சக்தியைக் குறைக்கலாம், சிலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் கறுப்புக் கண்ணாடியே உதாரணம். வீட்டுக்குள் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குச் சாதாரண விளக்கும் வெயில் மாதிரி அடிக்கும். வலி இல்லாத நாளில் பத்து நிமிஷம் கழற்றி வையுங்கள், அடுத்த வாரம் இருபது நிமிஷம். வலி வந்த நேரத்தில் இந்தப் பயிற்சி வேண்டாம்.

விடக்கூடாதது என்று ஒன்று இருந்தால் அது தூக்கம். 2007-ல் நாள்பட்ட ஒற்றைத் தலைவலி இருந்த 43 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சொன்னது எல்லாம் சாதாரண விஷயங்கள்: 8 மணி நேரம் கிடைக்கிற மாதிரி தினமும் ஒரே நேரத்தில் படுப்பது, படுக்கையில் டிவியும் படிப்பும் கூடாது, இரவு உணவை 4 மணி நேரம் முன்னதாக முடிப்பது, பகல் தூக்கம் கிடையாது. மற்றவர்களைவிட இவர்களுக்குத் தலைவலி குறைந்தது, பலர் நாள்பட்ட நிலையிலிருந்து எப்போதாவது வரும் நிலைக்குத் திரும்பினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லாத, கெடுதல் இல்லாத வழி.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், இது எல்லாருக்கும்: வழக்கமான தலைவலி மாதிரி இல்லாமல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, கை கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, 50 வயதுக்கு மேல் புதுவகையாக வரும் தலைவலி என்றால் பயிற்சியும் வேண்டாம் பொறுமையும் வேண்டாம், உடனே மருத்துவமனை.

கேள்வி: ஆலோசனைக்குப் போனால் பேசிப் பேசியே தலைவலி போய்விடுமா? அங்கே என்னதான் செய்வீர்கள்?

பதில்: பேசியே போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2010-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை எப்போதும் உதாரணம் காட்டுவேன். அடிக்கடி ஒற்றைத் தலைவலி வரும் 232 பேர், எல்லாருக்கும் வலி வந்தபோது போடும் மருந்து முதலில் சரிசெய்யப்பட்டது. அதற்கு மேல் சிலருக்குத் தடுப்பு மாத்திரை மட்டும், சிலருக்கு நடத்தைப் பயிற்சி மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. தனித்தனியாகக் கொடுத்ததில் வெற்று மாத்திரையைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குத்தான் நன்றாகக் குறைந்தது. பிள்ளைகளிடமும் இதே மாதிரி. 2013-ல் 10 முதல் 17 வயது வரையிலான 135 பேரிடம் செய்த ஆய்வில் எல்லாருக்கும் அமிட்ரிப்டிலின் என்ற தடுப்பு மாத்திரை, பாதிப் பேருக்கு அதோடு மனப் பயிற்சி. 20 வாரத்தில் மனப் பயிற்சி பெற்றவர்களுக்கு, 28 நாள் கணக்கில், தலைவலி நாட்கள் 11.5 குறைந்தன, மாத்திரையோடு வெறும் விளக்க வகுப்பு பெற்றவர்களுக்கு 6.8.

என்ன செய்வோம் என்றால், முதல் நாள் பெரும்பாலும் கேட்பேன். நாள் எப்படிப் போகிறது, வலி வந்ததும் முதலில் மனதில் ஓடுவது என்ன, எதை விட்டுவிட்டீர்கள். சின்ன வயதில் நடந்த மன வேதனை, திட்டு, புறக்கணிப்பு இவையும் சிலரிடம் வெளியே வரும், அதற்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது, ஆனால் சொல்ல விரும்பாதவரிடம் நான் தோண்ட மாட்டேன். பிறகு உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, தோள்பட்டை எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரியும். சில இடங்களில் விரல் நுனிச் சூட்டையும் தசை இறுக்கத்தையும் கருவியில் பார்த்தபடியே அதை மாற்றப் பழக்குவார்கள். ‘அவ்வளவுதான், எல்லாம் போச்சு’ என்ற எண்ணத்தை எழுதி வைத்து, போன தடவை உண்மையில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். எட்டு, பத்து தடவை வர வேண்டியிருக்கும். வீட்டில் செய்யாமல் இங்கே மட்டும் செய்தால் பலன் குறைவு.

மனம் இதில் எவ்வளவு தூரம் நுழைகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 2014-ல் 66 பேரிடம் ஒற்றைத் தலைவலி மாத்திரையையும் வெற்று மாத்திரையையும் உறையின் பெயரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ‘வெற்று மாத்திரை’ என்று எழுதிய உறையில் இருந்த உண்மை மருந்தும், மருந்தின் பெயர் எழுதிய உறையில் இருந்த வெற்று மாத்திரையும் வலியைக் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைத்தன. அதே சமயம் உறையில் ஒரே பெயர் இருந்தபோதெல்லாம் உண்மை மருந்துதான் வென்றது. மருந்தும் வேலை செய்கிறது, எதிர்பார்ப்பும் வேலை செய்கிறது.

ஒரு கடிதத்தில் பெயரும் ஊரும் இல்லை. இரண்டு பக்கம் வலியைப் பற்றி எழுதிவிட்டு, கடைசி வரியாக, ‘சில ராத்திரிகளில் காலையில் எழாமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது’ என்று முடித்திருந்தார்.

பதில்: அந்த வரியை எழுதியவருக்கு: அந்த எண்ணம் வந்ததற்காக உங்களை நீங்களே குறைவாக நினைக்காதீர்கள், நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருவதுதான் அது. ஆனால் அதை அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போட வேண்டாம். இன்றைக்கே, வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் அந்த வரியை அப்படியே, இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், அவரை உடன் அழைத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகளை அவரிடம் கொடுத்து, அவரே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்றிரவே அந்த எண்ணம் பலமாக வந்தால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், தலைவலிக்காகப் போகிற மாதிரியே, கூச்சமே வேண்டாம். எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

கேள்வி: என் மனைவிக்கு எட்டு வருஷமாக இந்தத் தலைவலி. அவள் படுத்திருக்கும்போது நான் என்ன செய்ய வேண்டும்? எது சொன்னாலும் தப்பாகிறது.

பதில்: இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. மேலே முதல் கடிதம் எழுதிய சகோதரியின் கணவரும் இதைப் படிக்கட்டும்.

‘இன்னிக்கும் தலைவலியா?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். நீங்கள் அக்கறையில்தான் கேட்கிறீர்கள், அவர் காதில் அது குற்றச்சாட்டாக விழும். மறுகோடிக்கும் போக வேண்டாம், அவர் கையிலிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது, அவரைக் கேட்காமலே ‘அவளால் வர முடியாது’ என்று மற்றவர்களிடம் சொல்லிவிடுவது, இதெல்லாம் அன்பில் செய்தாலும் ‘என்னால் எதுவும் முடியாது’ என்ற எண்ணத்தை இன்னும் ஆழமாக்கும். வருகிறாயா என்று கேளுங்கள், வரவில்லை என்றால் முகம் மாறாமல் ஏற்றுக்கொள்ளுங்கள், பாதியில் கிளம்பலாம் என்ற வழியையும் திறந்து வையுங்கள்.

வலி வந்த பிறகு பேச்சே வேண்டாம். வலி இல்லாத ஒரு நாளில் இருவரும் உட்கார்ந்து, வந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று அவரே சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் அப்படி ஒரு சீட்டு பல வருஷமாக ஒட்டியிருக்கிறது, ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது: திரையை இழுக்கவும், தண்ணீர் வைக்கவும், கிண்ணம் பக்கத்தில், ஈரத் துணி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தவும், ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை எட்டிப் பார்க்கவும், எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம். என் மகன் ஏழு வயதிலேயே அதைப் பார்த்து ஒன்றுவிடாமல் செய்வான், துணியைப் பிழிந்து நெற்றியில் போடும்போது மட்டும் தண்ணீர் சொட்டும்.